ராஜகல மலையில் கைகொடுத்த ஐயாவுக்கு

கடந்த போயா (முழுநிலா) தினத்தில் அம்மாவுடன் கல்முனையிலிருந்து ராஜகல போயிருந்தோம். அம்பாறை மாவட்டத்தில், உகனைக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் பழைய பௌத்த மடாலயம் அது. பாதி வழியில் அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. கீழே கொதிக்கிற கல்; முழங்கால் வலி வேறு.

அப்போது புல் வெட்டிக்கொண்டிருந்த நீங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தீர்கள். பையிலிருந்த நைலோன் கயிற்றால் வாரை இறுக்கிக் கட்டி, தடியொன்றும் வெட்டிக் கொடுத்தீர்கள். உங்களுக்குத் தமிழ் கொஞ்சம், எங்களுக்குச் சிங்களம் கொஞ்சம். "அம்மே, ஹெமின்" (அம்மா, மெதுவாக) என்று சொல்லிச்சொல்லியே மேலே கூட்டிப்போனீர்கள்.

நான் பார்க்க ஏங்கிய பிராமிக் கல்வெட்டு வெயிலில் வெறும் பாறையாகத்தான் தெரிந்தது. நீங்கள் குடையை விரித்து நிழல் பிடித்து, தொலைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தீர்கள். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குழி விழுந்து எழுந்தன. இத்தீவுக்கு பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரருக்கும், உடன்வந்த இட்டிய தேரருக்கும் அமைத்த தூபி இது என்று சொல்லும் வரிகள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்தை அம்மா விரலால் தொடாமல், காற்றிலேயே வரைந்து பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பணம் நீட்டியபோது கைகூப்பி மறுத்துவிட்டீர்கள். பெயர் கேட்க முதல் வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள். ஐயா, மனமார்ந்த நன்றி. உகனைப் பக்கத்து நண்பர்கள் அவரைக் கண்டால், அம்மா சுகமாக வீடு சேர்ந்தார் என்று சொல்லிவிடுங்கள்.