கேரியர் மாட்டும் முன் ஒரு கேள்வி கேட்கிறோம், கோபிக்க வேண்டாம்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களாக எங்கள் கடைக்கு வந்தவர்களில் கொஞ்சப் பேர் முகம் சுளித்துத் திரும்பிப் போயிருக்கிறார்கள். மாருதி சுசுகியின் ஜிம்னி ஜீப்பின் கூரை முழுக்க அடைத்தாற்போல, கம்பிக் கூடை மாதிரி ஒரு கேரியர் வேண்டும் என்று வருவார்கள். நாங்கள் அளவு எடுப்பதற்கு முன்னால், "மேலே என்ன ஏற்றப் போறீங்க?" என்று கேட்போம். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குண்ணே, காசு குடுக்குறோம், மாட்டிக் குடுங்க" என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கடை வாசலில் வெயிலில் நின்றுகொண்டு எங்களால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. அந்தப் பதிலை இங்கே முழுதாக எழுதுகிறோம்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தபோது, பொலிரோவுக்குச் செய்து பழகிய கை பழக்கத்திலேயே அதற்கும் கேரியர் செய்தோம். ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாய், சுற்றிலும் இரண்டு வரிசைத் தடுப்பு, நடுவில் எட்டுக் குறுக்குச் சட்டம். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. முதல் வண்டியின் படத்தை நாங்களே நாலு பேருக்கு அனுப்பிப் பெருமைப்பட்டோம். அதை மாட்டிக்கொண்டு போன ஒருவர் மேகமலை போய்விட்டு வந்து, "அண்ணே, மேலே ஏதோ கடகடங்குது" என்றார். ஏறிப் பார்த்தால், மழைத்தண்ணீர் வழிந்தோடக் கூரை ஓரத்தில் இருக்கிற கட்டர் இரண்டு இடத்தில் நெளிந்திருந்தது. பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. சின்னமனூரிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். எந்தப் பூவில் நெளிந்ததோ தெரியாது.

கேரியரைக் கழற்றிப் பக்கத்து இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். வெறும் கேரியர் மட்டும் 33 கிலோ.

அப்போதுதான் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தோம். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 2 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒரு மீட்டர் ஏறத்தாழ 1.4 கிலோ. ஆறடி நீளம், நாலடி அகலத்தில் மேலும் கீழும் சுற்றி, குறுக்குச் சட்டமும் நிறுத்துக் கால்களும் வைத்தால் 22, 23 மீட்டர் குழாய் போய்விடும். பெருக்கிப் பாருங்கள். இந்த ஜிம்னியின் கூரைக்கு சுசுகி சொல்லும் சுமை வரம்பு 30 கிலோ. அந்த 30 கிலோவுக்குள்தான் கேரியரின் சொந்த எடையும் அடங்க வேண்டும். நாங்கள் மாட்டியது காலியாக இருக்கும்போதே வரம்பைத் தாண்டியிருந்தது. அதன் மேல் அவர் இரண்டு பெட்டியும் ஒரு கேஸ் அடுப்பும் ஏற்றியிருக்கிறார்.

30 கிலோ என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியச் சொன்னால், ஒரு அரிசிச் சிப்பமும் ஒரு குடத்தில் கால்வாசித் தண்ணீரும். (சிப்பம் 25, 26 கிலோ.) இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவுதானா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான்கு பேர் மேலே ஏறி நின்றாலும் கூரை தாங்குகிறதே என்று ஒருவர் வாதாடினார். நிற்கும் வண்டியில் தாங்குவது வேறு. ஓடும் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும் நொடியில், அதே சுமை இரண்டு மடங்காகக்கூட அமுக்கும். சடாரென்று பிரேக் போட்டால் முன்னால் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் இழுக்கும். இத்தனையையும் அந்தச் சின்ன கட்டரும் அதைப் பிடித்திருக்கிற கிளாம்ப்புகளும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் வண்டியின் நிதானம். ஜிம்னியின் அகலம் 1645 மில்லிமீட்டர், உயரம் 1720. அகலத்தைவிட உயரம் கூடிய வண்டி. தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடப்பவர் யாரும் வெடுக்கென்று திரும்ப மாட்டார். இடுப்பில் இருந்தால் அவ்வளவு கவலையில்லை. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறும்போதும் சரி, போடிமெட்டு வழியாக மூணாறு போகும்போதும் சரி, அந்தக் குடம் உங்கள் தலைமேல்தான் இருக்கிறது. ஏறும்போது வேகம் குறைவு என்பதால் ஒன்றும் தெரியாது. இறங்கும்போது வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக நிமிரும். அந்த மெதுவைத்தான் நாங்கள் பயத்தோடு சொல்கிறோம்.

இன்னொரு கணக்கையும் யாரும் போடுவதில்லை. வண்டி காலியாக ஏறத்தாழ 1200 கிலோ, அனுமதித்த மொத்த எடை 1545 கிலோ. பெரியவர்கள் நாலு பேர் ஏறினால் 280 கிலோ போயிற்று. மிச்சம் 60, 65 கிலோ. பெட்டி, படுக்கை, கேரியர், முன்னால் மாட்டிய பம்பர் எல்லாம் அதற்குள்தான். பின் இருக்கையை மடக்காவிட்டால் டிக்கியில் 208 லிட்டர் இடம்தான் இருக்கிறது என்பதால்தான் எல்லோரும் கேரியர் தேடி வருகிறார்கள். அது எங்களுக்கும் புரிகிறது. இடம் போதாது என்றால் கேரியர் சரியான வழி. எடை தாங்காது என்றால் கேரியர் மாட்டியும் பிரயோசனமில்லை.

ஆகவே இப்போது ஜிம்னிக்கு நாங்கள் இரும்பில் முழுக் கூடை செய்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று அலுமினியக் குறுக்குச் சட்டம் போதும். கிளாம்ப் எல்லாம் சேர்த்து ஐந்தாறு கிலோதான் வரும். மீதி 24 கிலோ உங்களுக்கு. தட்டு மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு அலுமினியச் சட்டங்களைப் போல்ட் போட்டு இணைத்துத் தருகிறோம். அலுமினியம் இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதே கனத்தில் அதே பலம் தராது, கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும். அதனால் எடை பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றில் ஒன்றாக அல்ல. அலுமினியத்தை இரும்பைப் போல எல்லாப் பட்டறையிலும் நன்றாகப் பற்றவைக்க முடியாது. ஒட்டு விட்டுப்போன இரண்டு கேரியரைப் பார்த்த பிறகுதான் போல்ட்டுக்கு மாறினோம். விலை கூடுதல் என்பதை மறைக்கவில்லை.

கட்டர் உள்ள வண்டிக்குக் கூரையில் துளை போடவே வேண்டாம். யாராவது "ரெண்டு துளை போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஐப்பசி மழையில் தெரியும் அதன் லட்சணம். கிளாம்ப் எத்தனை என்பதுதான் முக்கியம். நாலு கால் என்றால் நாலு இடத்தில் சுமை, ஆறு கால் என்றால் ஆறாகப் பிரியும். காலுக்கும் தகரத்துக்கும் நடுவில் ரப்பர் கட்டாயம். அந்த ரப்பருக்குக் கீழே மண் சேர்ந்து ஈரம் தங்கினால் துரு பிடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். தனுஷ்கோடி, ராமேஸ்வரம் அடிக்கடி போகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். உப்புக் காற்றில் அலுமினியச் சட்டத்தில் சாதா இரும்புப் போல்ட் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். அதனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் வாஷரும் வைக்கிறோம்.

மஹிந்திரா தார் ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020இல் வந்த மூன்று கதவு தாரின் ஹார்ட் டாப், அதாவது கெட்டிக் கூரை, பார்க்க உலோகம் மாதிரி இருந்தாலும் உலோகம் இல்லை. அதன் மேல் நேரடியாகச் சுமை வைக்கக் கூடாது. சுமையைக் கால் வழியாக முன் கண்ணாடிச் சட்டத்துக்கும் பாடிக்கும் இறக்குகிற வகைக் கேரியர்தான் அதற்கு. துணிக் கூரை தார் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். 2024இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸ் வேறு வண்டி. அதற்கு வேறு கிளாம்ப். மாருதியின் பழைய ஜீப்பான ஜிப்சி இன்னும் நம் பக்கத்துத் தோட்டங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் கூரையைத் தொடாமல் பாடியிலிருந்து கால் எழுப்புவதுதான் வழக்கம். பழைய வண்டி என்பதால் கால் வைக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடுவோம்.

சரி, மேலே எதை வைக்கலாம்? எடை குறைந்து இடம் அடைக்கிற சாமான்கள்: பாய், கம்பளி, தலையணை மூட்டை, மடக்கு நாற்காலி, குழந்தையின் சைக்கிள், துணிப் பை. எதை வைக்கக் கூடாது? தண்ணீர்க் கேன், ஸ்டெப்னி டயர், கேஸ் சிலிண்டர், டூல் பெட்டி. இவையெல்லாம் பின் இருக்கைக்குப் பின்னால், தரையோடு தரையாக. பெட்ரோல் கேனை மேலே கட்டிக்கொண்டு போகிற மோகம் இப்போது அதிகம். மதுரை வெயிலில் பெட்ரோலை உச்சியில் வைத்துக்கொண்டு போவதில் என்ன அழகு இருக்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. வருசநாடு போனாலும் பெட்ரோல் கிடைக்கிறது.

குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற குடும்பங்கள் பித்தளைப் பானையையும் விறகையும் மேலே கட்டுவார்கள். விறகு கொஞ்சம் பரவாயில்லை, பானையை உள்ளே வையுங்கள். உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர் கிடாயை மேலே ஏற்றலாமா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனாலும் பதில் தேவைப்படும் குரலாக இருந்தது. கூடாது அண்ணே. வளர்ந்த கிடா 30 கிலோகூட வரும், போதாக்குறைக்கு அது அசையும்.

கூரைக் கூடாரம் கேட்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவை பெரும்பாலும் 45 கிலோவுக்கு மேல். ஜிம்னிக்கு அதை நாங்கள் மாட்டித் தருவதில்லை. தரையில் அடிக்கிற கூடாரம் நாலு கிலோவில் கிடைக்கிறது. சிறுமலையில் தூங்க அது போதும்.

காற்றுச் சத்தம் பற்றிய புகார் நிறைய வருகிறது. முன் சட்டத்தில் காற்று மோதி விசில் அடிக்கும். முன் கண்ணாடி மேல் விளிம்பிலிருந்து சட்டத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் குறையும். அப்படியும் நிற்கவில்லை என்றால், ஒரு மெல்லிய கயிற்றைச் சட்டத்தின் மேல் இடைவெளி விட்டுச் சுருளாகச் சுற்றிக் கட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். இதற்கு எங்களிடம் வரக்கூட வேண்டாம். மைலேஜ் குறைவதற்கு மட்டும் மருந்து கிடையாது. மணிக்கு 80இல் போவதைவிட 100இல் போகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். நான்கு வழிச் சாலையில் வேகத்தைக் குறையுங்கள், அல்லது வேலை இல்லாத நாட்களில் சட்டத்தைக் கழற்றி வையுங்கள். கழற்றி மாட்ட இருபது நிமிடம்.

மாட்டிக்கொண்டு போன முதல் 50 கிலோமீட்டர் கழித்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். மலைக்குப் போகும் முன்னும் அப்படியே. கட்டுவதற்கு நைலான் கயிறு வேண்டாம், இழுபடும். பற்சக்கரப் பிடியால் இறுக்கும் ராட்சட் பெல்ட் வாங்குங்கள். சாமான் கட்டியதும் மொத்த உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கம் ஒட்டுங்கள். ஆஸ்பத்திரி, மால் கீழ்த்தளப் பார்க்கிங் வாசலில் உயரப் பலகை இருக்கும். அங்கே போய் நின்றுகொண்டு யோசித்தால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார்.

அரசாங்கச் சட்டம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கூரையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியர், மேலே வரிசையாக எல்.இ.டி. விளக்குப் பட்டை இவையெல்லாம் போலீஸ் வழிமறிக்க நாமே அழைப்பு வைத்த மாதிரி. விளக்குப் பட்டை நாங்கள் மாட்டுவதில்லை. குமுளி வழியாகக் கேரளம் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்ததும் கொடைக்கானல் கூட்டம் எங்கள் கடைக்கு வந்துவிடும். அந்த வாரம் வந்து "இன்னைக்கே வேணும்" என்றால் முடியாது. பத்து நாள் முன்னால் வாருங்கள். வரும்போது வண்டியின் கையேட்டைக் கொண்டுவாருங்கள், கூரைச் சுமை பற்றிய பக்கத்தைச் சேர்ந்து படிப்போம். அதில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை, நாங்கள் சொல்வது அல்ல.

ஆரம்பத்தில் எங்களிடம் இரும்புக் கேரியர் வாங்கிய ஜிம்னிக்காரர்கள் அதைத் திருப்பிக் கொண்டுவரலாம். இரும்பின் விலையோடு நாங்கள் வாங்கிய கூலியையும் புதுச் சட்டத்தின் விலையில் கழித்துக்கொள்கிறோம். கட்டர் நெளிந்திருந்தால் அதை நிமிர்த்தி பெயின்ட் தொட்டுத் தருவதும் எங்கள் செலவு. தராசு இப்போது எங்கள் வாசலிலேயே இருக்கிறது.

அன்புடன்,
கடையில் உள்ள எல்லோரும்
மதுரை