பால் பிடித்ததா என்று பார்த்தேன்

மன்னார்குடி பக்கம்,
மார்கழி 9

அன்பு மாப்பிளைக்கு,

ஆடிப்பெருக்குக்கு நீ வந்து போனதோடு சரி, அப்புறம் நானும் எழுதவில்லை. தப்புதான். வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே. பாய் கடைப் பாக்கி உன் பேரில்தான் இன்னும் இருக்கிறது, நான் கட்டவில்லை.

இப்போது எழுத வைத்தது மழை. பெரிய பங்கில் சம்பா பூக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் பிடித்தது, நாலு நாள் விடவில்லை. பூக்கும்போது மழை பெய்தால் பதர் என்று பெரியப்பா சொல்வாரே, அது ஏன் என்று இத்தனை வருஷத்தில் நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

மழைக்கு முந்தின நாள் சின்னவள் பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் புத்தகத்தோடு வரப்புக்கே வந்துவிட்டாள். காலை பத்து மணி இருக்கும். வெயில் ஏறியதும் ஒரு நெல் மெல்ல வாய் திறந்தது. அடியில் இரண்டு சின்னச் செதில்கள் தண்ணீர் ஏறிப் புடைத்து உமியை நெம்பிவிடுகின்றனவாம். ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கின. உள்ளே மகரந்தத்தைப் பிடிக்க இறகு மாதிரி இரண்டு சூல்முடி. கொஞ்ச நேரத்தில் பைகளை வெளியே விட்டுவிட்டு உமி மூடிக்கொண்டது. அந்த மகரந்தத்துக்கு உயிரே சில நிமிஷம்தான் மாப்பிளே! அதற்குள் மழைத்துளி அடித்தால் என்ன ஆகும், சொல்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு மகரந்தத்தூள் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டுபோகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து முளையாகிறது. இன்னொன்று நடுவில் இருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து மாவாகிறது. 1898இல் நவாஷின் என்ற ரஷ்யர் இதை லில்லிப் பூவில் பார்த்துச் சொன்னாராம். அந்த மாவுதான் நம் அரிசி. குருத்துக்குத் தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. நாற்று பறிக்கும்போது வேரோடு ஒட்டி வரும் நெல்லை நசுக்கிப் பார்த்திருக்கிறாயா? வெறும் உமி. குருத்து தின்று முடித்திருக்கும்.

நேற்றுதான் மழை விட்டது. வடிகாலை வெட்டிவிட்டு ஒரு கதிரை எடுத்தேன். கதிர் நுனியிலிருந்து கீழ்நோக்கிப் பூக்கும். நுனி நெல்லை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் வந்து விரலில் ஒட்டியது. நடுவில் அழுத்தினேன், தக்கையாக அமுங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து நெல், எல்லாம் அப்படியே. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடியில் இருந்த கொஞ்சம் இன்று காலை வெயிலில் பூத்தது. மருந்தடிக்க ஆள் வந்தான், பூ மூடட்டும், மூன்று மணிக்கு மேல் வா என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ கேட்ட விதைநெல் இந்தப் பங்கிலிருந்து தர மாட்டேன். மேட்டுப் பங்கு மழைக்கு முன்பே பூத்து முடித்தது, அதில் கதிர் கதிராகப் பார்த்து எடுத்து வைக்கிறேன். தை கடைசியில் அறுப்பு. சாக்கோடு வா. வாத்தியார் உன்னைக் கேட்டார், அதே கேள்விதான்.

இப்படிக்கு,
உன் கூட்டாளி