அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். எதிர்காலத்தில் நடப்பதாக வரும் கதைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, உலகம் பாழாகிக் கிடக்கும், குழு திசைக்கொருவராகச் சிதறியிருக்கும், புதிதாக ஒரு ஆபத்து வரும், வயசான நாயகர்கள் மறுபடி ஒன்றுகூடி அடித்து ஜெயிப்பார்கள், அவ்வளவுதான் என்று நாலே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். ரொம்ப வருடமாக இந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறவன் நான். மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்தக் குழு ஏன் சிதறியது, சிதறிய பிறகு ஒவ்வொருவரும் தனியாக என்னவாக மாறினார்கள், இதில்தான் கதையே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வில்லனை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

1996-ல் டி.சி. நிறுவனம் நான்கு இதழ்களாக வெளியிட்ட 'கிங்டம் கம்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் மார்க் வெய்ட், ஓவியம் அலெக்ஸ் ராஸ். அதில் சூப்பர்மேன் ஒதுங்கிப் போனது எதிரியிடம் தோற்றதால் இல்லை. பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கரைக் கொன்ற மேகாக் என்ற புது நாயகனைக் கோர்ட் விடுதலை செய்கிறது, மக்கள் அவனைக் கொண்டாடுகிறார்கள். இந்த ஜனங்களுக்கு இனி நான் தேவையில்லை என்று சூப்பர்மேன் போய்விடுகிறார். அவர் போனதும் மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். ஆனால் கவனியுங்கள், மற்றவர்கள் யாரும் சும்மா இல்லை! ஃப்ளாஷ் கீஸ்டோன் நகரத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறார், ஒரு சின்னத் தப்புகூட நடக்க விடுவதில்லை. கிரீன் லாண்டர்ன் பூமிக்கு மேலே விண்வெளியில் பச்சை நிறத்தில் ஒரு கோட்டையைக் கட்டிக்கொண்டு, எப்போதோ வரப்போகும் எதிரிக்காகத் தனியாகக் காவல் காக்கிறார். பேட்மேன் உடம்பைத் தாங்கிப் பிடிக்க உலோகச் சட்டம் மாட்டிக்கொண்டு, ரோபோக்களை ஏவிவிட்டு, கோதம் நகரம் முழுவதையும் குகையில் உட்கார்ந்தபடியே கண்காணிக்கிறார்.

ஆளாளுக்கு வேலை நடக்கிறது, ஊரில் குற்றமும் குறைகிறது, அப்புறம் ஏன் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது? "போதும்ப்பா, இது அளவு மீறிப் போகிறது" என்று சொல்வதற்கு ஒருத்தர் பக்கத்திலும் இன்னொருத்தர் இல்லை. குழு என்றால் நாலு பேர் சேர்ந்து அடிப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து நிறுத்துவதற்கும்தான் குழு என்று புரியவைத்தது இந்தக் கதை.

அவர்கள் திரும்பக் கூடுவதும் கட்டுரையாளர் சொன்ன மாதிரி சுலபமாக இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலமே கதிர்வீச்சில் அழிந்த பிறகு, வொண்டர் உமன் போய்ப் பேசித்தான் நரைத்த தாடியோடு இருக்கும் சூப்பர்மேன் வெளியே வருகிறார். வந்தவர் யாரைச் சேர்க்கிறார்? தன் பேச்சைக் கேட்பவர்களை. முடியாது என்று சொல்லக்கூடிய பேட்மேன் வெளியிலேயே நிற்கிறார். விளைவு, கட்டுக்கடங்காத இளைய தலைமுறை சூப்பர் ஹீரோக்களை அடைத்து வைக்க அதே கான்சாஸில் ஒரு பெரிய சிறையைக் கட்டுகிறார்கள், கட்டிய வேகத்திலேயே அது நிரம்பி வழிகிறது. உலகத்துக்குப் பெரிய ஆபத்து அந்தச் சிறைக்குள்ளிருந்துதான் வெடிக்கிறது. அதை அடக்க ஐக்கிய நாடுகள் சபை போட்ட அணுகுண்டில் பலர் செத்துப்போக, கடைசியில் சூப்பர்மேன் வெறி பிடித்தவராக அந்தச் சபைக் கட்டடத்தின் கூரையையே பிடித்துச் சரிக்கும்போது, அவரை நிறுத்துவது இன்னொரு சூப்பர் ஹீரோவா? ஒரு சக்தியும் இல்லாத வயதான பாதிரியார், நார்மன் மெக்கே. எதிரே நின்று பேசுகிறார், அவ்வளவுதான். அந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தாலும் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிடுவேன்.

இன்னொரு கதையையும் சொல்லியே ஆக வேண்டும். 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' என்று பெயர், பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ள எக்ஸ்-மென் குழுவின் கதை, 1981-ன் தொடக்கத்தில் எக்ஸ்-மென் 141, 142 என்ற இரண்டே இதழ்களில் வந்தது, கிறிஸ் கிளேர்மான்ட்டும் ஜான் பைர்னும் சேர்ந்து செய்தது. 141-ன் அட்டையை என் மகளிடம் காட்டினேன். சுவரில் ஒரு நோட்டீஸ், வரிசையாக முகங்கள், சில முகங்களுக்குக் குறுக்கே கொல்லப்பட்டார் என்று பட்டை, சிலவற்றின் மேல் பிடிபட்டார் என்று பட்டை, அதற்கு முன்னால் விளக்கு வெளிச்சத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி அந்தக் குழுவின் வுல்வரினும் நடுத்தர வயது கிட்டி ப்ரைடும். என் மகள் ஒவ்வொரு முகமாக விரல் வைத்துக்கொண்டே போய், "இவங்க எல்லாரும் ஒரே டீமாப்பா?" என்று கேட்டாள். கதை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது!

அந்தக் கதையின் எதிர்காலம் 2013, நமக்கு அது கடந்து போய்விட்டது. அதில் இப்படிப்பட்ட சக்தி உள்ளவர்களை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்கள் ஆள்கின்றன, மிச்சம் இருக்கும் சிலர் கழுத்தில் சக்தியை முடக்கும் பட்டையோடு முகாமில் கிடக்கிறார்கள். பழைய எதிரி மேக்னீட்டோ சக்கர நாற்காலியில் இவர்கள் பக்கமே இருக்கிறார். செனட்டர் கெல்லி என்ற அரசியல்வாதி கொல்லப்பட்டதில்தான் இந்தக் கேடு தொடங்கியது, அந்தக் கொலையைத் தடுக்க இவர்கள் கிட்டியின் மனசை மட்டும் கடந்த காலத்துக்கு, அவளுடைய 13 வயது உடம்புக்குள் அனுப்புகிறார்கள். அங்கே கண் விழிக்கும்போது, தான் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் உயிரோடு சுற்றி நிற்கிறார்கள். இதே கதையை வைத்து 2014-ல் வந்த படத்தில் கிட்டிக்குப் பதில் வுல்வரினை அனுப்பியது எனக்குப் பெரிய வருத்தம், குழுவிலேயே சின்னப் பெண் எல்லாருடைய சாவையும் மனசில் சுமந்து வந்து நிற்பதுதான் இந்தக் கதையின் உயிர்.

அப்புறம், அவள் வந்த காரியம் முடிகிறது, செனட்டர் கெல்லி பிழைக்கிறார். ஆனாலும் அந்த எதிர்காலம் ஒழிந்தது என்று கதை எங்கேயும் உறுதி கொடுக்கவில்லை. கடைசியில் அமெரிக்க ஜனாதிபதியே ரகசியமாக மறுபடி சென்டினல்களைச் செய்யச் சொல்கிறார். இதைப் படித்த பிறகும் அடித்து ஜெயிப்பார்கள், அவ்வளவுதான் என்று எப்படி எழுத முடிகிறது?

இந்தக் கதைகளைப் பற்றி இன்னொரு முறை, கொஞ்சம் இடம் ஒதுக்கி, யாரையாவது எழுதச் சொல்லுங்கள் ஐயா. எழுதுகிறவர் 'கிங்டம் கம்' தொகுப்பின் கடைசி அத்தியாயம் வரை படித்துவிட்டு எழுதட்டும். சூப்பர்மேன், வொண்டர் உமன், பேட்மேன் மூவரும் ஒரு உணவகத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கங்கள் அவைதான்.

இப்படிக்கு,
நீண்ட நாள் காமிக்ஸ் வாசகன்