எட்டு ஆண்டில் பத்துப் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர் இளைஞர்கள் நால்வர் விரைவில் வெளியிடவிருக்கும் பாடல் தொகுப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அதைக் குறித்துச் சத்துவாச்சாரி வாசகர் ஒருவர் சென்ற வாரம் இதே பகுதியில், "எட்டு ஆண்டில் பத்துப் பாட்டு என்றால் மீதி நேரமெல்லாம் என்ன செய்து கொண்டிருந்தார்கள்?" என்று கேட்டிருந்தார். கேள்வியில் கேலி இருந்தாலும் அது கேட்கத் தகுந்த கேள்விதான். அந்த நால்வரும் பயிற்சி செய்வது காட்பாடியில் உள்ள என் வீட்டு மாடி அறையில் என்பதாலும், அவர்களுடைய பணக் கணக்கு என் கையால் தொடங்கியது என்பதாலும், பதில் சொல்ல வேண்டியவன் நான் என்று நினைக்கிறேன். நான் அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கீதம் கற்றவன் அல்லன்.

அவர்கள் வாசிக்கும் இசைக்குப் 'பவர் பாப்' என்று பெயர். இங்கிலாந்தின் 'தி ஹூ' குழுவைச் சேர்ந்த பீட் டவுன்ஷெண்ட் 1967-ல் தம் குழுவின் இசையைக் குறிக்கச் சொன்ன சொல் அது. என் காதுக்கு விளங்கிய அளவில் அதன் இலக்கணம் இதுதான்: கிட்டார் உரக்க ஒலிக்கலாம், டிரம்ஸ் அதிரலாம், ஆனால் மெட்டு மட்டும் டீக்கடையில் ஒரு முறை கேட்டவர் வீடு போய்ச் சேரும்வரை முணுமுணுக்கும்படி இருக்க வேண்டும், பல்லவி வரும்போது இரண்டு மூன்று குரல்கள் வெவ்வேறு ஸ்வரத்தில் ஒன்றாகச் சேர வேண்டும், எல்லாம் மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிட வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருப்பதனாலேயே இதைச் செய்வதும் எளிது என்று வாசகர் நினைத்துவிட்டார் போலும்.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பாடுபவர் ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். டிரம்ஸ் வாசிப்பவர் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ஷிப்டு முறையில் பணிபுரிகிறார். பேஸ் கிட்டார்காரர் குடியாத்தத்தில் தம் தந்தையின் எலக்ட்ரிகல் கடையைப் பார்த்துக்கொள்கிறார். இன்னொரு கிட்டார்காரர் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். நால்வருக்கும் ஒருசேர ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மட்டுமே. அதிலும் ஒருவருக்கு இரவு ஷிப்டு முடிந்த தூக்கம், மற்றொருவருக்குப் பரீட்சைத் தாள் திருத்தம். ஆண்டுக்கு நூறு மணி நேரம் சேர்ந்து வாசித்திருந்தால் அதிகம்.

2018-ல் அவர்கள் ஒரு முறை பதிவு செய்துதான் பார்த்தார்கள். பெயர் வேண்டாம், கச்சேரிக் குழுக்களுக்குப் பின்னணி இசை தயாரித்துத் தரும் ஒரு ஸ்டுடியோவில் முன்பணம் கட்டி ஆறு பாடல்களை முடித்தார்கள். அங்கிருந்தவர் இவர்களைக் கேட்காமலேயே எல்லாப் பாட்டிலும் கீபோர்டில் புல்லாங்குழலைச் சேர்த்து வைத்தார். அதை நீக்கித் தரச் சொல்லிக் காத்திருந்த வேளையில் ஹார்டு டிஸ்க் பழுதாகி ஆறு பாடல்களும் போயின. முன்பணமும் திரும்பவில்லை. அன்று மாடிப்படியில் நால்வரும் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான், எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை வைத்து நான் ஒரு யோசனை சொன்னேன்.

2019 ஜனவரியில் நால்வர் பெயரிலும் அஞ்சலகத்தில் தனித்தனியே ஆர்.டி. என்னும் மாதத் தொடர் சேமிப்புக் கணக்கு தொடங்கினேன். மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய், ஐந்து ஆண்டு. வாசகர் கேட்ட எட்டு ஆண்டில் ஐந்து ஆண்டு இந்த இடத்தில் இருக்கிறது. கடன் வாங்கிச் சீக்கிரம் முடித்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். ஒரு பாட்டை இணையத்தில் ஒருவர் ஒரு முறை கேட்டால் பாடியவருக்கு வந்து சேர்வது சில பைசாக்கள். அந்த வருமானத்தை நம்பி வட்டிக்கு வாங்குபவருக்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன்.

நடுவில் 2020-ன் ஊரடங்கு வந்ததைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 நவம்பர் மழையில் பாலாறு கரை புரண்டதும், குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆற்று வெள்ளம் தெருக்களுக்குள் வந்ததும் நம் மாவட்டத்தார் அறிந்ததே. பேஸ் கிட்டார்காரரின் கடையில் தரையோடு அடுக்கி வைத்திருந்த மோட்டார்களும் ஒயர்ச் சுருள்களும் நீரில் ஊறிவிட்டன. மூன்று ஆண்டு நிறைவதற்காகக் காத்திருந்து, 2022 ஜனவரியில் அவர் தம் கணக்கை முன்கூட்டியே முடித்தார். அப்படி முடித்தால் சேமிப்புக் கணக்குக்குரிய வட்டிதான் கிடைக்கும். படிவத்தை எழுதித் தர நானும் உடன் போயிருந்தேன். மற்ற மூவரும் அவரைக் குழுவிலிருந்து விலகச் சொல்லவில்லை, வேறு ஆளைத் தேடவும் இல்லை.

பணம் மட்டுமே தாமதத்துக்குக் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். மொழி அதைவிட அதிகம் படுத்தியது. இந்த வகைப் பாட்டில் பல்லவியின் உச்சியில் குரல் நீண்டு நிற்பதற்கு ஒரு நெடில் வேண்டும். அதற்கு முன்னுள்ள சொற்கள் குட்டையாக, டிரம்ஸ் அடியோடு அடியாக விழ வேண்டும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் அந்த ஒரு சொல்லே வரி முழுவதையும் விழுங்கிவிடுகிறது. இரண்டு ஆண்டு வரை ஆங்கிலத்திலும் எழுத்துத் தமிழிலும் மாறி மாறி முட்டிக்கொண்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடுபவர் அலுப்பில் 'போய்கினே இருக்கேன்' என்று நம் வட ஆர்க்காட்டுப் பேச்சிலேயே பாடிவிட்டார். கீழே ஈஸிசேரில் இருந்த எனக்கே அது தாளத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது கேட்டது. அதன் பிறகு எழுதி வைத்திருந்த எட்டுப் பாடல்களையும் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

பின்னர் சென்னையில் மிக்ஸிங் செய்தவர், அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சீராக்கியவர், 'கொண்டு' என்பதைக் 'கினு' என்று பாடினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள், மாற்றிவிடுங்கள் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னாராம். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. திரைப்படங்கள் இந்தப் பேச்சைப் பெரும்பாலும் நகைச்சுவை நடிகருக்கும் அடியாளுக்கும் ஒதுக்கி வைத்திருக்கின்றன. ஆனால் என் தாயார் என்னைத் தூங்க வைத்ததும், என் தகப்பனார் இறந்த அன்று அத்தை ஒப்பாரி வைத்ததும் இந்தக் 'கினு'வில்தான். பையன்கள் மாற்றவில்லை.

மீதமிருந்த மூவரின் கணக்கு 2024 ஜனவரியில் முதிர்ந்தது. டிரம்ஸுக்கு மட்டும் எட்டு மைக்கும் எதிரொலிக்காத அறையும் தேவைப்பட்டதால், இரண்டு நாளைக்குச் சென்னையில் ஸ்டுடியோ எடுத்துப் பத்துப் பாட்டுக்கும் ஒரே மூச்சில் அதை முடித்தார்கள். கிட்டாரும் குரலும் என் மாடியிலேயே பதிவாயின. அது கணக்கு ஆசிரியருக்குப் பள்ளி விடுமுறைக் காலம், அதாவது அக்கினி நட்சத்திரம். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, வேலூர் வெயிலில் பாடினார்கள். சூட்டில் கிட்டாரின் சுருதி பாட்டுக்குப் பாட்டு இறங்கும். மறுபடி கூட்டி முடிப்பதற்குள் காட்பாடி சந்திப்பை நோக்கி ஏதாவதொரு ரயில் ஊதிக்கொண்டு வந்துவிடும். நன்றாக அமைந்துவிட்ட ஒரு பாட்டில் அந்த ஊதலை எடுக்க மனமின்றி அப்படியே விட்டிருக்கிறார்கள். அது பாட்டின் சுருதியோடு சேர்ந்திருப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சரக்கு நல்லதாயிருந்தால் ஊர் தானே தேடி வரும் என்றும் வாசகர் எழுதியிருந்தார். இந்த இசையின் சரித்திரமே அதற்கு மாறானது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து 'பிக் ஸ்டார்' குழுவின் முதல் இசைத்தட்டு 1972-லும் இரண்டாவது 1974-லும் வெளிவந்தன. பத்திரிகைகள் பாராட்டின, விநியோகம் சீர்குலைந்ததால் கடைகளில் தட்டுதான் இல்லை. 1974-ல் பதிவான மூன்றாவது தொகுப்பு 1978-ல்தான் வெளிவந்தது. குழு அதற்கு முன்பே கலைந்திருந்தது. பின்னால் வந்த குழுக்கள் பல அவர்களைத் தங்கள் முன்னோடியாகச் சொன்னது வேறு கதை. ஸ்காட்லாந்தின் 'டீனேஜ் ஃபேன்கிளப்', உலகறிந்த குழு, முழுநேரமும் இசையே தொழிலாகக் கொண்டது. அவர்களுடைய தொகுப்புகள் 2010, 2016, 2021 என்று ஐந்தாறு ஆண்டு இடைவெளியில்தான் வந்தன. ஷிப்டு முடித்து வந்து வாசிப்பவர்களுக்கு எட்டு ஆண்டு ஆனதை நான் குறையாக நினைக்கவில்லை.

மெல்லிசைக் கச்சேரிகளை நான் தாழ்வாகச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். இளமையில் கோட்டை மைதானத்தில் விடிய விடிய நின்று கேட்டவன்தான் நானும். இந்த நால்வருமே கைச் செலவுக்காகக் கல்யாண வரவேற்புகளில் சினிமாப் பாட்டு வாசித்திருக்கிறார்கள். அங்கே ஒரு முறை, சாப்பாட்டுப் பந்தி நடக்கும் நேரத்தில் தங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை வாசிக்க அனுமதி கேட்டதற்கு, பெண் வீட்டார் ஒருவர், "அதெல்லாம் உங்க வீட்ல வெச்சுக்கோங்க தம்பி" என்று சொல்லிவிட்டாராம். அவர் சொன்னபடியே அவர்களும் எங்கள் வீட்டில்தான் வைத்துக்கொண்டார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். தொகுப்பு மொத்தம் 31 நிமிடம் ஓடுகிறது. குறுந்தகடு ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். புதுப் படத்துக்கு விமர்சனம் எழுதுவது போலத் தங்கள் அலுவலகத்தில் எவராவது இதை முழுதாகக் கேட்டு, பாட்டைப் பாட்டாக எடைபோட்டு எழுத வேண்டும். 'சாதனை இளைஞர்கள்' என்ற தலைப்பில் படம் போட வேண்டாம் என்றும், விமர்சனம் கடுமையாக இருந்தாலும் பாதகமில்லை என்றும் அவர்களே என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். ஏழாவது பாட்டின் நடுவில் ஊதல் கேட்டால், குறுந்தகட்டில் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அஞ்சலக எழுத்தர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.