சுந்தரத்துக்கு, பெட்டி கட்டுவதற்கு முன்

எடிசன், நியூஜெர்சி

டேய் சுந்தரம்,

உனக்கு அமெரிக்கக் குடியேற்ற விசா குத்திவிட்டார்கள் என்ற செய்தி ராயப்பன் வழியாகத்தான் எனக்கு வரவேண்டுமா? உன் போட்டோவுக்கு மாலை போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். வாழ்த்தா கருமாதியா என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. உன் மனைவி, என் தங்கச்சி சரோஜாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே காமாட்சி சௌக்கியம். பேரன் தமிழில் பேசக் காசு கேட்கிறான். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

அவன் எழுதியதில் ஒன்றுதான் உறுத்துகிறது. "ஆறு மாசம் அமெரிக்கா, ஆறு மாசம் திருச்சி" என்று திட்டம் போட்டிருக்கிறாயாம். இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கத் தரும் கிரீன் கார்டு, நம்ம ரயில்வே பாஸ் மாதிரி வேண்டும்போது எடுத்து நீட்டுகிற சமாச்சாரம் இல்லையடா. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால், புதிதாக உள்ளே வர விண்ணப்பிப்பவனைப் போல விமான நிலையத்தில் விசாரிக்கலாம். ஒரு வருஷம் தாண்டினால் அந்தக் கார்டை மட்டும் காட்டி நுழைய முடியாது. நீண்ட நாள் ஊரில் இருக்கும்படி நேருமானால் ஐ-131 படிவம் போட்டு ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கலாம், இரண்டு வருஷம் செல்லும். ஆனால் இந்த மண்ணில் இருக்கும்போதுதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். திருச்சியில் உட்கார்ந்து மகனிடம் போன் போட்டு "அந்த ஃபாரத்தைப் போட்டுவிடு" என்றால் நடக்காது. வருஷத்தில் மூன்று நாலு மாசம் ஊருக்குப் போய் வா, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பாதிப்பாதிக் கணக்கு மட்டும் வேண்டாம்.

கார்டு கைக்கு வர 235 டாலர் இமிகிரன்ட் ஃபீஸை ஆன்லைனில் கட்ட வேண்டும். அதைக் கட்டாதவரை கார்டு அச்சாகாது. பையனைக் கட்டச் சொல். அதுவரை பாஸ்போர்ட்டில் உள்ள விசா, நுழைவு முத்திரையோடு சேர்ந்து, ஒரு வருஷத்துக்குக் கார்டாகச் செல்லும்.

அமெரிக்கப் பக்கத்து வேலைகளைப் பையன் பார்த்துக்கொள்வான். அவன் கண்ணில் படாத வேலைதான் உனக்குப் பெரிய வேலை: நீ விட்டுவிட்டு வருகிற பென்ஷன், பேங்க், ஆதார். இவை மூன்றும் தொங்குவது ஒரே ஒரு நம்பரில். உன் இந்திய சிம்.

அந்த சிம்மைக் கண்ணைப்போலப் பார்த்துக்கொள். பேங்க், ஆதார், வருமான வரித் தளம் எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ப்ரீபெய்ட் சிம்மை 90 நாள் எதற்கும் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் கம்பெனிக்காரன் நிறுத்திவிடலாம், பிறகு அந்த நம்பர் வேறு ஒருவனுக்குப் போய்விடும். நீ அங்கே இருக்கும்போதே சர்வதேச ரோமிங்கைத் திறந்து வை. இங்கே வந்தபிறகு திறக்கப் பார்த்தால் அதற்கும் ஓ.டி.பி. கேட்டு வட்டமடிக்கும். ஒரு வருஷ பேக் போட்டுவிடு, அடுத்த ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்துவை. விமானம் இறங்கியதும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடு, சிம் மட்டும் உயிரோடு இருக்கட்டும். வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் காசில்லை. ஆனால் அந்த நம்பருக்கு வரும் காலை எடுத்தால் பணம் கரையும். "சார் லோன் வேணுமா" என்று கேட்பவனுக்கு ரோமிங்கில் பதில் சொல்லிக்கொண்டிராதே.

இன்னொன்று. பையன் ஆசையாக ஐபோன் வாங்கித் தருவான். அமெரிக்காவில் விற்கும் ஐபோனில் 14-ஆம் மாடலிலிருந்து சிம் போடுகிற இடமே கிடையாது, எல்லாம் இ-சிம். உன் நம்பரை இ-சிம்மாக மாற்றி அந்த போன் உடைந்துபோனால், மறுபடி எடுக்க ஊரில் கடைவாசல் ஏறவேண்டி வரலாம். அதனால் இரண்டு சிம் போடும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றைத் திருச்சியிலேயே வாங்கிவிடு. ஒரு பக்கம் இந்திய சிம், மறுபக்கம் இங்கத்திய சிம். ஐபோனை வாங்கிப் பேத்தியோடு முகம் பார்த்துப் பேச வைத்துக்கொள்.

இனி நவம்பர் மாச உயிர்ச் சான்று விஷயம். பட்டறையில் சங்கு ஊதுவதற்குள் டோக்கன் எடுக்க ஓடியவர்கள் நாம். உயிர்ச் சான்றையும் அந்தப் பதற்றத்தோடுதான் கொடுக்க வேண்டும். நவம்பர் 30-க்குள் போகாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். பிறகு கொடுத்தால் நிலுவையோடு வந்துவிடும், அது வேறு விஷயம். அதுவரை பேங்கிற்கு ஐ.எஸ்.டி. பேசிப் பல்லைக் கடிக்க வேண்டும்.

ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச் சான்றுக்கு முக அங்கீகாரம் 2021-இல் வந்ததிலிருந்து நம் பாடு எவ்வளவோ குறைந்தது. இங்கே வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம். இரண்டு செயலி வேண்டும்: ஆதார்ஃபேஸ்ஆர்டி ஒன்று, ஜீவன் பிரமாண் ஒன்று. முதலில் ஆபரேட்டர் முகம் கேட்கும், அதற்கு உன் முகத்தையே காட்டலாம். பிறகு பென்ஷன்தாரர் முகம். நடுவில் பி.பி.ஓ. என்ற பென்ஷன் ஆணையின் நம்பர், கணக்கு எண், பென்ஷன் வழங்கிய துறை, பட்டுவாடா செய்யும் பேங்க் என்று வரிசையாகக் கேட்கும். கவிழ்கிற இடம் இதுதான். துறை என்ற இடத்தில் ரயில்வேயைத் தேர்ந்தெடுக்காமல் கைக்கு வந்ததைத் தட்டுவது, பி.பி.ஓ. நம்பரில் ஓர் இலக்கம் விடுவது, பழைய கணக்கு எண்ணைப் போடுவது. அப்படிச் செய்தாலும் பிரமாண் எண் வந்துவிடும், எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருப்போம். நாலு நாள் கழித்து பேங்க் அதைத் தள்ளுபடி செய்திருக்கும். ஆகவே எண் வந்ததோடு நிறுத்தாதே. ஏற்றுக்கொண்டோம் என்று தகவல் வருகிறவரை விடாதே.

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் எடுபடாது. வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், கண்ணாடியைக் கழற்ற வேண்டும், சொல்லும்போது கண் சிமிட்ட வேண்டும். ஆதார் போட்டோ உன் பாகவதர் கிராப்பு காலத்தது என்றால் சேவை மையத்துக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டுக் கிளம்பு. "மறுமணம் செய்துகொண்டாரா?" என்றும் ஒரு கேள்வி வரும். விளையாட்டுக்குக்கூட "ஆம்" என்று தட்டிவிடாதே. பென்ஷன் சிக்கல் தனி, தங்கச்சியிடம் நீ படும்பாடு தனி.

செயலி ஒத்துழைக்காவிட்டால் நியூயார்க்கில் கிழக்கு 64-ஆம் தெருவில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. பாஸ்போர்ட்டும் பி.பி.ஓ. நகலும் கொண்டுபோனால் உயிர்ச் சான்றில் கையெழுத்திட்டுத் தருவார்கள், பென்ஷன்தாரர்களுக்குக் கட்டணம் இல்லை. அசலைக் கூரியரில் கிளைக்கு அனுப்பி, கிடைத்தது என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

பேங்க் சமாச்சாரம். வெளிநாட்டில் குடியேறினால் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்கிறது சட்டம். மாற்றினாலும் பென்ஷன் அதிலேயே விழும், பயப்படாதே. வட்டியில்தான் கை வைப்பார்கள். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று வருஷா வருஷம் நீ நீட்டிவந்த 15ஹெச் போன்ற படிவம் இனிச் செல்லாது, அது உள்நாட்டில் இருப்பவர்களுக்கு. என்.ஆர்.ஓ. வட்டியில் செஸ்ஸோடு 31.2 சதவீதம் பிடிப்பார்கள். முதியவர்களுக்கான கூடுதல் வட்டியும் பெரும்பாலும் போய்விடும். நீ இங்கே வரி கட்டும் குடிவாசி என்று இங்கத்திய வருமான வரித்துறை தரும் 6166 சான்றைக் கொடுத்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதத்தோடு நிற்கும். கூடுதலாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

வைப்பு நிதியை விட எனக்குக் கவலை மியூச்சுவல் ஃபண்ட். இந்திய ஃபண்டுக்கு அமெரிக்க வரிக்காரர்கள் தனி விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்ற படிவம், அதை நிரப்ப ஆடிட்டருக்குக் கொடுக்கும் கூலி உன் லாபத்தைத் தின்றுவிடும். இருப்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே விற்றுவிடு. கார்டோடு நுழைந்த நாளிலிருந்து உன் பென்ஷன், வட்டி, வாடகை எல்லாவற்றையும் இங்கேயும் காட்ட வேண்டும். இதற்கு மேல் எஃப்பார் என்று ஒன்று: இந்தியக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனியாக ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். வரி கிடையாது, தகவல் மட்டும். தெரிவிக்காவிட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர். உன் டெபாசிட்டில் பையன் பெயரைக் கூட்டாகப் போட்டிருந்தால் அவனும் அதே தொகையைத் தன் எஃப்பாரில் காட்ட வேண்டும். பாசத்தில் போட்ட பெயர் அவன் தலைவலியாகும். நாமினியாக மட்டும் போடு.

இனி வருவதைச் சிரிக்காமல் படி. பி.பி.ஓ.வை எடுத்துத் தங்கச்சி பெயர் எப்படி இருக்கிறது என்று பார். நம் ஆட்கள் எல்லோருக்கும் இதே கதைதான்: பி.பி.ஓ.வில் "எஸ். சரோஜா", ஆதாரில் "சரோஜா", பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துக் கணவன் பெயரோ அப்பா பெயரோ குடும்பப் பெயராகிவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று மூன்றெழுத்து வந்து குந்திக்கொள்ளும். நாம் இருக்கும்வரை இதனால் ஒன்றும் இல்லை. நாளை நீ முந்திக்கொண்டால், குடும்பப் பென்ஷனுக்கு அவள் இங்கிருந்து இறப்புச் சான்றிதழுக்கு மாநில அரசின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுவதற்கான சான்றொப்பம், வாங்கி அனுப்ப வேண்டும். அந்த வேளையில் "இந்த சரோஜாவும் அந்த சரோஜாவும் ஒருவர்தானா" என்று கிளையில் கேட்டால் அவள் யாரைப் பிடிப்பாள்? பெயர், பிறந்த தேதி திருத்தம் பேங்கில் நடக்காது. பி.பி.ஓ. வழங்கிய அலுவலகம் திருத்திப் புதிய ஆணை அனுப்ப வேண்டும். பொன்மலை ரயில்வே அலுவலகத்துக்கு நேரில் போ. ஜி கார்னரில் டீ குடித்துவிட்டு வந்துவிடாதே, மனுவுக்குச் சீல் போட்ட நகலை வாங்கு. பென்ஷன் கணக்கும் உங்கள் இருவர் பெயரில் கூட்டாக இருக்கட்டும். அப்படி இருந்தால் அவளுக்குப் புதுக் கணக்கு திறக்கும் வேலை இல்லை.

வீட்டுக்கு மச்சானுக்குப் பவர் கொடுப்பதென்றால் வாடகை வாங்க, வரி கட்ட, இ.பி. பார்க்க என்று மட்டும் எழுது. விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதே. அங்கேயே பதிவு செய்துவிடு. இங்கிருந்து அனுப்பினால் நோட்டரி, அப்போஸ்டில், ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாசத்துக்குள் முத்திரைக் கட்டணம் என்று இழுக்கும்.

கடைசியில் உடம்பு. புலம்பல் இங்கேதான். 65 தாண்டியவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு, ஆனால் இங்கே வேலை பார்க்காத நமக்கு, கார்டோடு தொடர்ந்து ஐந்து வருஷம் குடியிருந்த பிறகுதான். அதுவும் காசு கொடுத்து: 2025 கணக்கில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான ஏ பகுதிக்கு மாசம் 518 டாலர், டாக்டர் செலவுக்கான பி பகுதிக்கு 185, தலைக்கு. ஆறு மாசத் திட்டம் வேண்டாம் என்று நான் அடித்துக்கொள்வதற்கு இதுவும் காரணம், நீண்ட இடைவெளி அந்த ஐந்து வருஷத் தொடர்ச்சியைக் கேள்விக்குள்ளாக்கும். ரீ-என்ட்ரி பெர்மிட் கார்டைக் காப்பாற்றும், இதைக் காப்பாற்றாது.

ஐந்து வருஷம் வரை என்ன செய்வது? பையன் கம்பெனி இன்ஷூரன்ஸில் அப்பா அம்மாவைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். விசிட்டர் பாலிசி மலிவாகத் தெரியும், ஆனால் சர்க்கரை, பி.பி., இதயம் என்று ஏற்கெனவே உள்ளதை ஒதுக்கிவிடும். நம்மிடம் இருப்பதே அதுதானே! நியூஜெர்சியில் கெட்கவர்டுஎன்ஜே என்ற அரசுச் சந்தை வழியாகத் திட்டம் வாங்கு. பழைய நோயைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. குடிவந்த 60 நாளுக்குள் சேர வேண்டும், தவறினால் நவம்பரில் திறக்கும் பொதுக் காலம்வரை காத்திருக்க வேண்டும். வயதானவர்களிடம் இளைஞர்களைவிட மூன்று மடங்கு வரை பிரீமியம் வாங்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. வருமானம் குறைந்த புதுக் கார்டுக்காரர்களுக்கு இருந்த மத்திய அரசு வரிச்சலுகையையும் 2026 ஜனவரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பையன் தன் வரியில் உங்களைச் சார்ந்தவர்களாகக் காட்டினால் அவன் வருமானத்தோடு சேர்த்துத்தான் கணக்கு. ஆகவே கிளம்பும் முன்பே அவனோடு உட்கார்ந்து மாசச் செலவைப் பேசிவிடு. இதைப் பேசக் கூச்சப்பட்டு வந்து, மகன் முகத்தைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறவர்கள் இங்கே உண்டு. எனக்கு அவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

பல், கண், காது மூன்றையும் அங்கேயே முடித்துக்கொள். மெடிகேர் வந்தாலும் வழக்கமான பல் வேலை, மூக்குக்கண்ணாடி, காது மெஷின் அதில் கிடையாது.

மருந்து 90 நாளுக்கு மேல் கொண்டுவராதே. ஒரிஜினல் அட்டையில், டாக்டர் சீட்டோடு. சீட்டில் பிராண்ட் பெயர் போதாது, மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும். சர்க்கரைக்கு நீ சாப்பிடுவது வில்டாக்ளிப்டினோ டெனிலிக்ளிப்டினோ என்றால் அவை இங்கே விற்பனையிலேயே இல்லை. பி.பி.க்கான சில்னிடிபினும், தங்கச்சி முழங்காலுக்குப் போடும் அசெக்ளோஃபெனாக்கும் அப்படியே. இங்கே டாக்டர் சிட்டாக்ளிப்டின், அம்லோடிபின் என்று மாற்றுவார். அந்த மாற்றத்தை ஊர் டாக்டர் கண்ணெதிரிலேயே இரண்டு மாசம் முன்னால் செய்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

கறிவேப்பிலைக் கொத்து கொண்டுவராதே, எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் என்று பிடுங்கிவிடுவார்கள். பருப்புப்பொடி எத்தனை வேண்டுமானாலும் கொண்டுவா. உன் ரயில்வே பாஸை இங்கே ஒருவனும் மதிக்க மாட்டான், ஆனால் நியூஜெர்சி ரயிலான என்.ஜே. டிரான்சிட்டில் 62 வயசுக்கு மேல் பாதிக் கட்டணம். எடிசனில் ஏறினால் நேராக நியூயார்க் பென் ஸ்டேஷன்.

உங்கள் இரண்டு பேர் மருந்துச்சீட்டையும் இந்த வாரமே போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே புது நோயாளிக்கு டாக்டர் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். டிக்கெட் தேதியையும் சொன்னால், 60 நாள் கணக்கைப் பார்த்து உன் பையனோடு பேசி நானே நாள் வாங்கி வைக்கிறேன்.

உன்
கோபால்