கண்டிக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இக்காலப் பயிற்சி மருத்துவர்கள் ஒரு சுடுசொல்லைக்கூடத் தாங்குவதில்லை என்று சென்ற ஞாயிறு மலரில் சுங்கை பூலோ வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மகன் திட்டு வாங்கினான் என்பதற்காகத் தகப்பனார் நிபுணரின் அறை வாசலில் வந்து நின்ற கூத்தையும் நான் பார்த்திருக்கிறேன். மகனுக்கு முப்பது வயது, கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் மனநல மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் ‘நோயாளியோடு ஒட்டி உறவாடிவிட்டுப் பிறகு அழுகிறார்கள்’ என்று அவர் ஒரே வரியில் முடித்திருந்ததை அப்படியே விட எனக்கு மனமில்லை. வடக்கே சில அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் பிள்ளைகள் எங்கே வழுக்குகிறார்கள், யார் பேச்சால் எழுகிறார்கள் என்பதையெல்லாம் மருந்து வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தவள்.

எலும்பு முறிவைப் பார்ப்பவர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடலாம். மனநலப் பிரிவில் மருத்துவர் பேசுவதும் காது கொடுப்பதுமே வைத்தியத்தில் பாதி. தன் துக்கத்தை மாதக்கணக்கில் கேட்கிறவர்மேல் நோயாளிக்குப் பாசம் வரும், கோபம் வரும், சில சமயம் காதலும் வரும். மனப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு 1915-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். மருத்துவர் மனத்திலும் பதிலுக்கு ஏதாவது எழும். எழாது என்று சொல்லும் மருத்துவரை நான் நம்புவதில்லை. மலாயாப் பல்கலைக்கழகமோ தேசியப் பல்கலைக்கழகமோ, முதுகலைப் பயிற்சி நான்கு ஆண்டுகள். மருந்தின் பெயரும் அளவும் புத்தகத்தில் கிடைக்கும். இந்தப் பாசத்தையும் கோபத்தையும் எப்படிக் கையாள்வது என்பதை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேசித்தான் கற்க முடியும்.

நம்மவர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பிரிவுகளில் தமிழ் பேசும் மருத்துவர் ஒருவர்தான் இருப்பார். மற்றவர்களிடம் மலாயில் ‘தலைவலி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் அம்மா, இவரைக் கண்டதும் வாய் திறப்பார். “தம்பிக்கு எந்த ஊர்? அப்பா பெயர் என்ன?” என்று கேட்டு, மூன்றாவது கேள்விக்குள் உறவுமுறையையே கண்டுபிடித்துவிடுவார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் பக்கம் எதிரே வந்து பந்தல் மோரைக் கையில் திணிப்பார். அங்கே ‘நான் உங்கள் மருத்துவர், விலகுங்கள்’ என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

நான் அறிந்த ஒரு பயிற்சி மருத்துவரின் கதை இப்படித்தான் தொடங்கியது. நோயாளி, மகனை விபத்தில் பறிகொடுத்த ஓர் அம்மா. அடுத்த வருகைக்கு ஆறு வாரம் இருந்தது. அவர் தயங்கித் தயங்கிக் கேட்க, இவர் தன் சொந்தக் கைப்பேசி எண்ணை வருகை அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலில் சாமி படத்தோடு காலை வணக்கம் வந்தது. பிறகு மகனின் படங்கள். பிறகு இரவு இரண்டு மணிக்கு, “தம்பி, தூங்கிவிட்டீர்களா?” ஓரிரவு பதில் போகவில்லை. மறுநாளிலிருந்து அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அந்தப் பயிற்சி மருத்துவர் இதை மறைக்கவில்லை. தானாகவே மேற்பார்வையாளரிடம் சொன்னார். அந்த நிபுணரோ காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கைப்பேசியை வாங்கி, புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொல்ல வைத்தார். சாமி படத்துக்கு யாரோ சிரித்தார்கள். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக அந்தப் பிள்ளை நின்றது. கூட்டம் முடிந்ததும் அந்தப் பயிற்சி மருத்துவர் அம்மாவின் எண்ணைத் தடை செய்துவிட்டார்; ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. அடுத்த வருகைக்கு அம்மா வரவேயில்லை. எண்ணைக் கொடுத்தது தவறுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தவறைவிட அதைத் திருத்திய விதத்தால்தான் நோயாளிக்கு அதிகக் கேடு வந்தது. அன்று அறையிலிருந்த மற்றப் பயிற்சி மருத்துவர்கள் கற்ற பாடம் என்ன தெரியுமா? இனி எதையும் சொல்லக் கூடாது என்பதுதான்.

வேறோர் இடத்தில் இன்னொரு நிபுணர் இருந்தார். பெண்மணி, கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவரிடம் படித்த பெண் ஒருத்தி, கொட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்த நோயாளியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் விட்டிருந்தாள். அந்த ஆள் என் பட்டியலில் இருந்ததால் என்னையும் அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தினார்கள். “நீ செய்தது தவறு” என்பதுதான் அந்த அம்மையாரின் முதல் வாக்கியம். தடவிக் கொடுக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டது யார்? அவர் முன்னிருக்கையில் உட்கார்ந்தாரா, பின்னாலா? காரில் என்ன பேசினீர்கள்? கடைசியாக, “அங்கே நின்றது வேறொரு நோயாளி என்றால் காரை நிறுத்தியிருப்பாயா?” அந்தப் பெண் வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் கையிலிருந்த கோப்பைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பிறகு “நிறுத்தியிருக்க மாட்டேன்” என்றாள். உண்மையான பயிற்சி அங்கேதான் தொடங்கியது.

நோயாளியை உடனே வேறு மருத்துவருக்கு மாற்றிவிடவில்லை. தன்னைத் தண்டிக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார் என்றார் நிபுணர். நடந்தது கோப்பில் எழுதப்பட்டது. அடுத்த வருகையில் நானும் உடனிருக்க, இனிமேல் காரில் ஏற்ற முடியாது, ஏன் என்பது இதுதான் என்று அவளே அவரிடம் சொன்னாள். “அப்படியென்றால் மழையில் விட்டுவிட்டுப் போவீர்களா டாக்டர்?” என்று கேட்டார் அவர். “தாதியர் மேசையில் குடை இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம்” என்றாள். அவர் சிரித்துவிட்டார். தொடர்ந்து வந்தார்.

சறுக்கலையும் சுரண்டலையும் பிரித்துப் பார்க்க அறிஞர்களும் வழி சொல்லியிருக்கிறார்கள். குட்ஹைல், கபார்ட் என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1993-இல் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையிலான எல்லையைத் தாண்டும் சிறு செயல்கள் எல்லாமே நோயாளியைச் சுரண்டும் செயல்கள் ஆகிவிடா என்று அவர்கள் வேறுபடுத்திக் காட்டினார்கள். மேற்பார்வையாளரிடமும் நோயாளியிடமும் திறந்து பேசப்படும் சறுக்கல் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். ஒளித்து வைத்தது திரும்பத் திரும்ப நடந்து பெரிதாகும். அப்படியிருக்க, சொல்ல வந்த பிள்ளையின் வாயை அடைப்பது யாருக்கு நல்லது?

நோயாளிகள் கொண்டுவரும் தீபாவளி முறுக்கு டின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்பளிப்பு விஷயத்தில் 1993-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளே, மறுக்க முடியாத நிலையில் வாங்கினால் துறைத் தலைவரிடம் எழுத்தில் தெரிவிக்கச் சொல்கின்றன. நாங்கள் டின்னை எல்லார் நடுவிலும் திறந்து வைத்துவிட்டுக் குறித்துவைப்போம். அங்பாவ் என்னும் அன்பளிப்பு உறையில் பணமிருந்தால் அன்றே திருப்பிவிடுவோம். கடன், காதல், படுக்கை என்று போனவர்களுக்கு நான் பரிந்து பேசவில்லை. அதற்கு மலேசிய மருத்துவ மன்றம் இருக்கிறது.

இனிப் பயிற்சி மருத்துவர்களுக்கு. கண்டிப்பில் சாரம் எது, காரம் எது என்று பிரிக்கப் பழகுங்கள். “எண்ணைக் கொடுத்தது தவறு” என்பது உங்கள் செயலைப் பற்றிய பேச்சு. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “நீ இந்தத் துறைக்கே லாயக்கில்லை” என்பது கண்டிப்பவருடைய அன்றைய இரத்த அழுத்தத்தைப் பற்றிய பேச்சாகவும் இருக்கலாம். அது தொடர்ந்தால் முறையாகப் புகார் செய்யுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இப்போது நோயாளிக்கு நான் என்ன செய்ய வேண்டும்?” என்பதுதான். உங்கள் மானத்தைப் பற்றிய விளக்கம் பிறகு வரட்டும். அன்றிரவே மேற்பார்வையாளருக்குப் பக்கம் பக்கமாகச் செய்தி அனுப்பாதீர்கள். “தம்பி, தூங்கிவிட்டீர்களா?” என்று கேட்ட அந்த அம்மா செய்ததும் அதுதானே?

உண்மையான முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளை மனந்திறந்து பேச வேண்டியவரும், பருவ முடிவில் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திடுபவரும் ஒரே ஆள். தேறவும் வேண்டும், தன் தவறையும் சொல்ல வேண்டும் என்றால் எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பிரிட்டனில் பயிற்சி பெறுவோருக்கு வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு தனியே பேச ஒதுக்க வேண்டும் என்பது அவர்களுடைய மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரியின் ஏற்பாடு. மருத்துவர் மைக்கேல் பாலின்ட் 1950-களில் இலண்டனில் தொடங்கிய முறையில், மருத்துவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, நோயாளி தங்கள் மனத்தில் எதைக் கிளறினார் என்று பேசுவார்கள். அங்கே மதிப்பெண் கிடையாது. இதற்குப் பெரிய செலவில்லை; ஓர் அறையும் ஒரு மணி நேரமும் போதும். 2022-இல் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்ததை அடுத்து, மருத்துவப் பணிச்சூழலை ஆராயச் சுகாதார அமைச்சு தனிப் பணிக்குழு அமைத்தது நினைவிருக்கும். அந்த மரணத்தின் காரணத்தைப் பேச நான் ஆளில்லை. ஆனால் பணிச்சூழல் என்று பேசும்போது இந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆகவே துறைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பயிற்சி மருத்துவருக்கும், மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்திடாத இன்னொரு மூத்தவரையும் நியமியுங்கள். வார்டுத் தாதியரையும் கேளுங்கள். எந்த நோயாளி எந்த மருத்துவரின் காரைத் தேடி ஜன்னலோரம் நிற்கிறார் என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஓய்வு பெற்ற எங்களில் சிலர் அழைத்தால் வருவோம். சம்பளம் வேண்டாம், மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனநலத் தாதி
(பெயர் வெளியிட வேண்டாம்)
ஜெலுத்தோங், பினாங்கு