செயலாளரின் ஆண்டறிக்கை: கஞ்சிலும் அதன் வழிவந்த கார்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

கோலாலம்பூரில் கஞ்சில் கார்களைப் பேணி ஓட்டிவரும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன். கஞ்சிலின் வழிவந்த கெலிசா, விவா, அக்சியா கார்களின் உரிமையாளர்களையும் உறுப்பினராக்கலாமா என்பதே இவ்வாண்டு செயலவை மிகுதியாக விவாதித்த பொருளாகும்.

1994 ஆகஸ்டில் வெளிவந்த கஞ்சில், மலேசியக் கார் நிறுவனமான பெரோடுவாவின் முதல் கார். ஜப்பானின் டைஹாட்சு நிறுவனத்துச் சிறு காரான மீராவின் மூன்றாம் தலைமுறையே அதற்கு அடிப்படை. 1990-இல் ஜப்பான் தன் சிறு கார்களுக்கான இயந்திர வரம்பை 550 சிசியிலிருந்து 660 சிசிக்கு உயர்த்தியதால் பிறந்த மூன்று சிலிண்டர் இயந்திரம்தான் நம் சாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்து, மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளோடு மழையில் நனைந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் முதன்முதலாக வாங்கிய கார் அதுவே. அதனால்தான் அதை விற்க நம்மில் பலருக்கு இன்றும் மனம் வருவதில்லை.

2001-இல் கெலிசா ஐந்தாம் தலைமுறை மீராவிலிருந்தும், 2007-இல் விவா ஆறாம் தலைமுறையிலிருந்தும் உருவாயின. கஞ்சில் உற்பத்தி 2009-இல் நின்றது. 2014-இல் விவாவின் இடத்துக்கு வந்த அக்சியா 3,640 மில்லிமீட்டர் நீளம் கொண்டது. 2023-இல் புதிய அடித்தளத்தில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை 3,760 மில்லிமீட்டராக வளர்ந்தது. உடல் பெருத்தாலும் இயந்திரம் 998 சிசியைத் தாண்டாததால், தீபகற்ப மலேசியாவில் சாலை வரி ஆண்டுக்கு 20 ரிங்கிட்டாகவே இருக்கிறது. சிறு வருமானக் குடும்பத்தை மனத்தில் வைத்த அந்தக் கணக்கு மாறாதவரை, இவை அனைத்தும் ஒரே வம்சம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆண்டின் பயனுள்ள நிகழ்ச்சி பழுதுபார்ப்புப் பயிலரங்கமே. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, அதில் பெட்ரோல் பாயும் ஜெட்டின் நுண்துளையில் ஊசியை நுழைத்தால் துளை அகன்று பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பதை மூத்த பொமன் (கார் பழுதுபார்ப்பவர்) ஒருவர் விளக்கி, திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து காட்டினார். இந்தக் கைப்பழக்கம் இளையோரிடம் அருகி வருவது எனக்குக் கவலையளிக்கிறது. எனவே பயிலரங்கம் தொடர வேண்டும்.

பொருளாளர் கணக்கறிக்கையைத் தனியே படைப்பார். கெலிசா, விவா, அக்சியா உரிமையாளர்களுக்கு முழு வாக்குரிமையுடன் உறுப்பியம் அளிக்கும் சட்டவிதித் திருத்தத்தைப் பேரவையின் முன் வைத்து, உங்கள் ஆதரவை வேண்டுகிறேன்.